கொன்றவனை டிராகன் ஏன் விட்டது?

திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மிகைபுனைவு எழுத வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டுகிற கதைகளில் பாதிக்கு மேல் ஒரே காட்சி. டிராகன்மேல் ஏறி வந்தவனை ஒருவன் கொல்கிறான். டிராகன் கொன்றவனை முறைத்துப் பார்க்கிறது, எரிக்காமல் பறந்துபோகிறது. ஏன் விட்டது என்று கேட்டால், "அதுக்கு எல்லாம் தெரியும் தாத்தா" என்கிறார்கள்.

2019-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் முடிந்ததிலிருந்து பிடித்த வியாதி இது. டிராகன்மேல் பறக்கும் அரசி டனேரிஸைக் குத்திய ஜான் ஸ்னோவை அவளுடைய டிராகன் ட்ரோகன் தொடவில்லை. இரும்புச் சிம்மாசனத்தை உருக்கிவிட்டு அவள் உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஏன் என்று ஊரெல்லாம் சண்டை. டிராகனோடு எனக்குப் பழக்கமில்லை, யானையோடு கொஞ்சம் உண்டு. மனிதனை முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பதும், மனம் மாறினால் அதே மனிதனை மிதித்துப் போடுவதும் நம் பக்கத்தில் அந்த ஒரு ஜீவன்தான். அதை வைத்துச் சொல்கிறேன்.

1. மேலே இருப்பவன் வேறு, ஓட்டுகிறவன் வேறு

ஆற்றுகால் பொங்கல் முடிந்த இரவு, அம்மனின் திடம்பு (உற்சவ வடிவம்) யானைமேல் மணக்காடு சாஸ்தா கோயிலுக்குப் புறப்படும்போது போய் நின்று பாருங்கள். ஜனங்கள் எல்லாரும் மேலே பார்த்துக் கும்பிடுவார்கள். யானையின் கவனம் கீழே இருக்கும்: முன்னங்காலை ஒட்டி, கொம்பில் ஒரு கை வைத்தபடி நடக்கிற ஆனைக்காரனிடம். குளிப்பாட்டினவன், பனம்பட்டை வெட்டிப் போட்டவன், நகத்துப் புண்ணுக்கு மருந்து வைத்தவன் அவன்தான். மேலே திடம்பு பிடிப்பவர் மாறினாலும், பெரிய பூரங்களில் குடையும் ஆலவட்டமும் வெண்சாமரமும் பிடிக்கிற ஆட்கள் மாறினாலும் யானைக்கு அதில் ஒன்றுமில்லை.

இப்போது தக்கோலத்துக்கு வாருங்கள். அரக்கோணம் பக்கம். 949-இல் அங்கே சோழர்களும் இராட்டிரகூடர்களும் மோதினார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தான். அதனாலேயே அவனுக்கு ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று பெயர். ஆனைமங்கலச் செப்பேடு அவன் அம்பு பட்டு இறந்ததாகச் சொல்கிறது. ஆத்தகூர்க் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. இராட்டிரகூடர் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன், யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி இராசாதித்தனைக் குத்திக் கொன்றான் என்கிறது அது. கதை எழுதுகிறவனுக்கு இந்த இரண்டாவதுதான் தீனி. ஒருவன் யானையின் முதுகுக்கே ஏறிவந்து அதன்மேல் இருந்த இளவரசனைக் கொல்கிறான். பிறகு உயிரோடு இறங்கிப்போய், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் வனவாசி முதலான நாடுகளைப் பரிசாக வாங்குகிறான். அந்த யானை என்ன செய்துகொண்டிருந்தது? கல்வெட்டில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இத்தனைக்கும் அதே கல்லில் காளி என்ற வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த கதை விவரமாக இருக்கிறது. நாய்க்குக் கல் நட்டவர்கள் யானையை விட்டுவிட்டார்கள்.

என் ஊகம் இது: யானைக்குச் சொந்தக்காரன் இராசாதித்தன், யானையின் மனிதன் கழுத்தில் உட்கார்ந்திருந்த பாகன். பாகன் வாய் திறக்காதவரை, முதுகில் நடந்தது அதன் விவகாரமே இல்லை. சாகாமல் போனதற்கு வெட்கப்பட்டவன் ஒரு மனிதன்தான். இராசாதித்தனின் தோழனாக இருந்த கேரளத்து வல்லபன், அவனோடு சேர்ந்து சாகக் கிடைக்காமல் போனதற்காகவே துறவியானான். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூரில் மடத்தை நடத்திய அவர் கதையைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் குற்றவுணர்ச்சியை யானையின் தலையில் கட்டாதீர்கள்.

ஆகவே உங்கள் கதையின் முதல் கேள்வி: டிராகனுக்குத் தினமும் இரை வைப்பது யார்? இளவரசி மாசத்துக்கு ஒருமுறை வந்து ஏறிப் பறக்கிறவளாக இருந்து, இரை வைக்கிற பையன்தான் அவளைக் கொன்றவன் என்றால், டிராகன் ஏன் விட்டது என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை.

2. கண்ணை நம்பாதீர்கள், மூக்கைக் கேளுங்கள்

நீங்கள் எழுதும் டிராகன் கத்தி இறங்குவதைப் பார்க்கிறது, குற்றவாளியை அடையாளம் காண்கிறது, யோசிக்கிறது. மூன்றுமே உங்கள் வேலை. யானைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது, பார்வை அப்படியொன்றும் கூர்மை இல்லை, முதுகில் நடப்பது தெரியவே தெரியாது. அதன் உலகம் பெரும்பாலும் வாசனை. கென்யாவில் அம்போசெலி யானைகளை வைத்து ஆராய்ந்து 2007-இல் எழுதினார்கள்: ஈட்டியால் யானை குத்தும் மசாய் இளைஞர்கள் உடுத்திய துணியை முகர்ந்தால் யானைகள் ஓடிப்போகின்றன. பயிர் செய்து பிழைக்கும் கம்பா மக்களின் துணிக்கு அந்த அளவு பயமில்லை. ஆளே இல்லை, வெறும் துணிதான்!

இதிலிருந்து எத்தனை கதை பிறக்கும் பாருங்கள். கொன்றவன் செத்தவளின் தம்பி. இரத்தமும் வியர்வையும் ஒரே வாடை. அல்லது கொன்றவன் பத்து நாள் அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தவன். ஜான் ஸ்னோ டனேரிஸுக்கு அண்ணன் மகன், முன்பே வேறொரு டிராகன்மேல் ஏறிப் பறந்தவன். தொடரை எழுதியவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த இடத்தில் சிம்மாசனத்தைக் காட்டினார்கள். ‘அதிகாரம்தான் குற்றவாளி என்று டிராகனுக்குப் புரிந்துவிட்டது’ என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சிரிப்பு மூட்டுகிறது. நாற்காலியைப் பற்றி மிருகத்துக்கு என்ன அபிப்பிராயம் இருக்கும்?

ஒரு நாள் காலையில் கோட்டூர் காப்புக்காட்டுக்குப் போங்கள். நெய்யாறு அணைத் தண்ணீரின் ஓரமாக வனத்துறையின் யானை மறுவாழ்வு மையம் 2006 முதல் இருக்கிறது. குளிப்பாட்டும் நேரத்தில் போனால் நல்லது. புதிதாக ஒருவர் கிட்டே போகும்போது தும்பிக்கை நுனி முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள்: கைக்கு, பிறகு வாய்ப் பக்கம், பிறகு அக்குள். முகத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். செல்போனை எடுக்காமல் நின்றால் இதெல்லாம் தெரியும்.

3. துக்கம் பழி வாங்கப் புறப்படாது

கி.மு. 272-இல் கிரேக்க நாட்டு ஆர்கோஸ் நகரத் தெருக்களில் பைரஸ் மன்னன் சண்டையிட்டபோது, அவன் படையில் நிக்கோன் என்றொரு யானை. புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். பாகன் காயம்பட்டு விழுந்துவிட்டான். யானை அவனைத் தேடிக்கொண்டு திரும்பியது. வெளியேற முண்டியடித்த கூட்டத்தை எதிர்த்துத் தள்ளி, சொந்தப் படை, எதிரிப் படை என்று பாராமல் மிதித்துக்கொண்டு போய், அவன் உடலைக் கண்டதும் தும்பிக்கையால் எடுத்துக் கொம்புகளின்மேல் வைத்துக்கொண்டு நடந்தது.

பாகனைக் காயப்படுத்தியவன் யார், அவன் கதி என்ன? அது யானையின் கணக்கிலேயே இல்லை. அதற்கு வேண்டியது தன் ஆள். நடுவில் நின்றவர்கள் செத்தார்கள், ஒதுங்கி நின்றவர்கள் பிழைத்தார்கள். கொன்றவனும் ஒதுங்கி நின்றிருக்கலாம், அவ்வளவுதான். உங்கள் கொலைகாரன் தப்பிக்க இது போதும்; பாவமன்னிப்பு தேவையில்லை. (பைரஸ் அன்றைக்கே ஒரு கிழவி கூரையிலிருந்து எறிந்த ஓடு பட்டு நிலைகுலைந்து விழுந்து, அந்த நிலையில் கொல்லப்பட்டான். கதை எழுதுகிறவன் துணிந்து எழுதமாட்டான் இப்படி ஒரு சாவை.)

2021 ஜூனில் கோட்டயத்தில், பல வருஷம் தன்னைப் பார்த்துக்கொண்ட பாகன் இறந்தபோது பல்லாட்டு பிரம்மதத்தன் என்ற யானையை உடலருகே கூட்டிவந்தார்கள். அது தும்பிக்கையைத் தூக்கி நின்ற காட்சி எல்லார் போனிலும் வந்தது. உங்கள் டிராகனுக்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள். உடலை முகரட்டும், மூக்கால் தள்ளிப் பார்க்கட்டும், எழுந்திருப்பாள் என்று காத்திருக்கட்டும். கொன்றவன் அந்த நேரத்தில் மெல்ல நடந்துபோய்விடலாம்.

4. சாய்த்து வைத்த கோல்

இது நம் ஊர் ஆனைக்காரர்களின் சொத்து. டீ குடிக்கப் போகும்போது ஆனைக்காரர் தன் கோலை யானையின் முன்னங்காலிலோ உடம்பிலோ சாய்த்து வைத்துவிட்டுப் போவார். யானை அசையாது. காதும் வாலும் ஆடும், தும்பிக்கை மண்ணைத் துழாவும், ஆனால் அந்தக் கால் மட்டும் நகராது. கோல் விழுந்தால் என்ன கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். இத்தனை டன் உடம்பு ஒரு கழிக்குக் கட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு மரியாதையும் வரும், வயிற்றையும் கலக்கும்.

கொலைகாரன் அந்தக் கோலைத் தெரிந்தவனாக இருந்தால்? எஜமானியைக் கொன்ற கையோடு அவளுடைய கோலை எடுத்து டிராகனின் காலில் சாய்த்துவிட்டு நிதானமாக நடந்துபோகிறான். அவள் விதித்த கட்டளை அவள் செத்த பிறகும் மிருகத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. பழக்கத்தால் வரும் இந்த மன்னிப்பை உங்களில் யாரும் இதுவரை எழுதவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், மக்களே.

5. செத்தவன் எப்படிப்பட்டவன்?

மதம் அடங்கிய யானையைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கும் முன், சங்கிலியோடு நிறுத்தி அடித்துப் பணியவைக்கும் வழக்கம் கேரளத்தில் உண்டு. கெட்டியழிக்கல் என்பார்கள். கண்டனங்கள் எழுந்தும் முழுதாக ஒழிந்தபாடில்லை. ஆகவே செத்த வீரன் மிருகத்தை வதைத்தவன், கொன்றவன் அதற்கு விடுதலை தந்தவன் என்று எழுத ஆசை வரும். எழுதலாம். ஆனால் மலிவாகிவிடும். அடிபட்ட யானை அடித்தவனுக்கும் கட்டுப்படுகிறது, அவன் வாசனை வராத நாளில் தவிக்கிறது. வெறுப்பும் பழக்கமும் ஒரே உடம்பில் கிடக்கின்றன. விடுதலையான டிராகன் முதலில் செய்வது என்ன? பெரும்பாலும் பழைய கொட்டகைக்கே திரும்பி வந்து நிற்கும்.

6. மதம்

ஆண் யானைக்கு மதம் வந்தால் கன்னத்தில் நீர் வழியும், டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறும், ஒன்றாம் பாகனையே கிட்டே விடாது. சில வாரங்களில், சில சமயம் மாதங்களில் அடங்கும். உங்கள் டிராகனுக்கும் பருவம் வையுங்கள். ஐப்பசியில் விட்டது பங்குனியில் விட்டிருக்காது.

7. தையல்காரன் கதையை மறந்துவிடுங்கள்

ஊசியால் குத்திய தையல்காரன்மேல் சேற்றுத் தண்ணீரைப் பீய்ச்சிய யானையை நாம் எல்லாரும் சின்ன வகுப்பில் படித்துக் கெட்டுப்போனோம். யானைக்கு ஞாபகம் உண்டு, நீதிமன்றம் கிடையாது. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’யில் யானைக் கதைகள் இருக்கின்றன. மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், அவற்றைப் படியுங்கள். அதில் வரும் யானைகளுக்குப் பெயரும் குணமும் கிறுக்கும் உண்டு. உங்கள் டிராகனுக்குப் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

8. பேசும் டிராகன்

அது வாய் திறந்து பேசுமென்றால் நான் மேலே சொன்னது எதுவும் செல்லாது. பேசுகிறவனுக்கு வாக்கு உண்டு, கடன் உண்டு, பொய் உண்டு. அப்போது கொன்றவனை விட்டதற்குக் காரணத்தை அதன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும், அந்தக் காரணம் பாதி பொய்யாக இருந்தால் இன்னும் நல்லது.

9. மறுநாள் காலை

விட்டுவிட்டது, சரி. அதற்கப்புறம்? இங்கேதான் எல்லாரும் பேனாவை மூடிவிடுகிறீர்கள். ஆளைக் கொன்ற யானைகளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

கூடலூர்ப் பக்கமும் கேரளத்திலுமாக 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட ஒரு காட்டுயானையை 1998-இல் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் குழு பிடித்து முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுவந்தது. அவர் பெயரையே வைத்து மூர்த்தி என்றார்கள். காயங்களுக்கு மருந்து போட்டார்கள். பக்கத்தில் ஒரு பாகன் உட்கார்ந்தார். 2024-இல் சாகும்வரை அது அந்த முகாமில் சாதுவாக வாழ்ந்தது. மசினியின் கதை வேறு மாதிரி. 2018 மே மாதம் சமயபுரம் கோயிலுக்குள் தன் பாகனைக் கொன்ற பெண் யானை அது. அதையும் தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேறொருவர் உணவு கொடுத்தார், குளிப்பாட்டினார். 2023 ஏப்ரலில் மறுபடி ஒரு பாகன் அதனிடம் செத்தார். இரண்டு யானைக்கும் ஒரே முகாம், ஒரே மாதிரி கவளம். ஒன்று ஏன் அடங்கியது, மற்றது ஏன் அடங்கவில்லை என்பதில் ஒரு நாவல் கிடக்கிறது.

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். டிராகனுக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். விடிந்ததும் அதற்குப் பசிக்கும். இரை வைத்தவள் செத்துக் கிடக்கிறாள், பக்கத்தில் இருப்பவன் கொன்றவன் ஒருவன்தான். அவன் கையில் என்ன வைத்திருக்கிறான், எத்தனை அடி தள்ளி நிற்கிறான், எந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுகிறான்? இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பி.டி.எஃப். வேண்டாம், திரையில் படிக்க எனக்குக் கண் தெரியவில்லை. அச்சடித்தே கொண்டு வாருங்கள்.