வாலிபர்களும் ஜமாஅத்தும்

பருவமெய்திய பிள்ளையை ஜமாஅத்தாரோடு பழக விடத் தயங்கும் பெற்றோர் உண்டு. படிப்புக் கெட்டுவிடும், வீட்டை மறந்துவிடுவான் என்பது அவர்களுடைய அச்சம். அதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் ஸஹீஹுல் புகாரியில் இதற்கு விடை உண்டு.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஏறக்குறைய ஒத்த வயதுடைய சில வாலிபர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து 20 இரவுகள் தங்கினார்கள். வீட்டு நினைவு அவர்களை வாட்டுவதை நாயகம் (ஸல்) அவர்களே உணர்ந்து, வீட்டில் யாரை விட்டு வந்தார்கள் என விசாரித்தார்கள். பின்பு, குடும்பத்தாரிடம் திரும்பிக் கற்றதைக் கற்பிக்கும்படியும், தொழுகை நேரத்தில் ஒருவர் பாங்கு சொல்ல, மூத்தவர் இமாமத் செய்யும்படியும் பணித்து அனுப்பினார்கள்.

கவனியுங்கள்! அந்தச் சபை வாலிபர்களை வீட்டிலிருந்து பிரிக்கவில்லை. பொறுப்பைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பியது. இதுவே உரைகல். தாய் தந்தையரிடம் பரிவையும், தொழுகையில் ஒழுங்கையும், படிப்பில் கருத்தையும் வளர்க்கும் ஜமாஅத் நல்லது. பெற்றோரிடம் மறைக்கச் சொல்லும் கூட்டம் எவ்வளவு மார்க்கம் பேசினாலும் ஆகாது.

ஜமாஅத் பெரியோர்களே! ஸஃப்பில் நிற்கும் பையனை விரட்டாதீர்கள். ஒரு வக்தாவது பாங்கு சொல்ல விடுங்கள். பெற்றோர்களே! பிள்ளையை அனுப்புவதோடு நில்லாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். அல்லாஹ் நம் சந்ததிகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! ஆமீன்.