கண்ணில் படாத ஊழியரை நம்பலாமா?

2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறந்தார்கள்; ஊர்ப்பக்கமே வேலை பார்க்க வழி வந்தது. அதுபோக, பாபநாசத்தில் வீட்டிலிருந்து சில நாள், சென்னை ஆபீசில் சில நாள் என்று வேலை பார்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை நடத்தும் டீம் லீடர்களிடம் சில தப்பான எண்ணங்கள் வேரோடிக் கிடக்கின்றன.

நம்பிக்கை: ஆள் எதிரே இல்லாவிட்டால் வேலை நடக்காது.

உண்மை: சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனம் 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டது. முடிவு 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசமில்லை. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலை கெடும் என்று முதலில் சொன்ன மேலாளர்களே பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

நம்பிக்கை: கண்காணிப்பு மென்பொருள் போட்டால் கவலையில்லை.

உண்மை: மௌஸ் அசைவதும் பச்சைப் புள்ளி எரிவதும் தெரியும். வேலை எந்த மட்டில் நிற்கிறது என்பது தெரியாது. சந்தேகப்படுகிறார்கள் என்று புரிந்துவிட்டால், நல்ல ஊழியரும் புள்ளி அணையாமல் பார்த்துக்கொள்வதில்தான் குறியாக இருப்பார்.

அப்படியானால் எதை நம்புவது? மேட்டூர் அணையை நேரில் பார்க்காத டெல்டா விவசாயிகூட அதன் கணக்கை நம்பி நாற்று விடுகிறார். நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எத்தனை கன அடி என்பது தினமும் பேப்பரில் வருகிறது. 2024-இல் வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி திறக்கவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். மட்டத்தைக் கவனித்து வந்தவர்களுக்கு அது முன்பே தெரிந்துவிட்டது. டீமுக்கும் இதுதான் வேண்டும்: யார் கையில் என்ன வேலை, எது தாமதம், எதனால் என்று எல்லாரும் பார்க்கும்படி ஒரு பட்டியல். லீடரின் வேலையும், அதன் தாமதமும் அதில் இருக்க வேண்டும். தன் வேலையை அதில் போடாத லீடர் ஊழியரிடம் வெளிப்படைத்தன்மை கேட்பது நியாயமே இல்லை.

நம்பிக்கை: ஆபீசுக்கு வரவழைத்தால் நெருக்கம் தானாக வரும்.

உண்மை: உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் வந்து சென்னையில் இறங்கியவரை, ஹெட்போன் மாட்டி வீடியோ மீட்டிங்கில் உட்கார வைத்து என்ன பயன்? அந்த நாளைப் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கவும், மனத்தாங்கலைப் பேசித் தீர்க்கவும் ஒதுக்குங்கள். ஆபீசில் டீ குடிக்கும்போது எடுத்த முடிவு பாபநாசத்துக்காரருக்கு அடுத்தவர் வாயால் தெரியவந்தால், அடுத்த மீட்டிங்கில் அவர் வாயே திறக்க மாட்டார். முடிவு என்ன, ஏன் எடுத்தோம் என்பதை அன்றைக்கே எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.