ஒலியும் உயிரும்

தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் ஒருங்கே வைத்துள்ளது. ஒரு நிலத்தின் மரத்தையும் அந்நிலத்தின் ஒலியையும் பிரித்துக் காணாத பார்வை அது. இப்பார்வைக்கு அறிவியல் தரும் சான்று யாது? கட்டடக்கலை அதனை எவ்வாறு பயன்கொண்டது? தறியொலி நிறைந்த கொங்கு நாட்டிற்கு அதனால் விளையும் நன்மை யாது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

செடியும் ஒலியும்

1950களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைத் தலைவராயிருந்த டி.சி. சிங், நீர்வாழ் செடியாகிய வேலம்பாசியை நுண்ணோக்கியில் வைத்து, அதற்கு ஒலியூட்டி ஆராய்ந்தார். உயிரணுவினுள் ஓடும் உயிர்ப்பொருள் விரைவுற்றதாக அறிவித்தார். பின்னர் வயலினிசை கேட்ட செடிகள் செழித்து வளர்ந்ததாகவும் கூறினார். இம்முடிவுகளை அறிவுலகம் ஐயமின்றி ஏற்றதில்லை. செடி இராகத்தைச் சுவைக்கிறது என்று நாமும் துணிந்து கூறல் இயலாது. ஆயின் அதிர்வைச் செடி உணர்கிறது என்பதற்குச் சான்றுகள் உள. புழு இலையைக் கடிக்கும் அதிர்வை மட்டும் செலுத்தியபோதும், பின்னர் புழு தாக்குகையில் செடி தற்காப்பு வேதிப்பொருளை மிகுதியாகச் சுரந்ததை அமெரிக்க நாட்டு மிசௌரிப் பல்கலைக்கழக அறிஞர்கள் 2014இல் கண்டனர்.

சான்று தேடி அயல்நாடு செல்லவும் வேண்டுவதில்லை. நம் தோட்டத்துக் கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளையே உண்டு. காட்டுத் தேனீக்களுள் சில, பூவைப் பற்றிக்கொண்டு மார்புத் தசைகளை அதிரச் செய்ய, மகரந்தம் உதிர்கிறது. அந்த ரீங்காரம் காய்ப்பிற்குத் துணையாகின்றது.

கல்லும் குரலும்

கட்டடக்கலையில் ஒலியை ஆண்ட திறம் வியக்கத்தக்கது. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் கல்லையே கருவியாக்கின. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாம் மக்களுக்கு முதுகு காட்டி நிற்பார். எனினும் அவர் முன்னுள்ள மிஹ்ராப் என்னும் குழிந்த மாடம் அவர்தம் குரலைப் பின்வரிசைக்குத் திருப்பி அனுப்புகிறது. 1557இல் இஸ்தான்புல்லில் சுலைமானியா பள்ளிவாசலைக் கட்டி முடித்த சினான் என்னும் கலைஞர், வீண் எதிரொலியை அடக்கக் குவிமாடத்தில் வெற்றுக் குடங்களைப் பதித்தார். வேண்டும் ஒலியைச் சேர்ப்பதும் வேண்டா ஒலியைத் தணிப்பதும் ஒரே கலையின் இரு கூறுகள்.

கொங்கும் தறியும்

சோமனூர், பல்லடம் வட்டாரங்களின் விசைத்தறிக் கூடங்களில் அருகில் நிற்பவர் பேச்சும் கேளாது. எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதி. பல கூடங்களில் ஒலி அதனைக் கடந்து நிற்கிறது. உட்செவியின் நுண்மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தறியோட்டுவோர் இழக்கும் செவிப்புலன் மீளாது என்பது இதன் பொருள்.

மருந்து நம் மண்ணிலேயே உண்டு. பொள்ளாச்சித் தென்னைநாரின் இழைகளுக்கிடையே புகும் ஒலியலை, உராய்வினால் ஆற்றலிழந்து வெப்பமாகிறது. தீத்தடுப்புச் செய்த நார்ப்பலகைகளைக் கூரையிலும் சுவரிலும் பதித்தால் எதிரொலி பெரிதும் தணியும். தறிக்கு அண்மையில் நிற்போர்க்குச் செவிக்காப்பும் வேண்டும். கூடத்தைச் சூழ அடர்ந்த மரவரிசை நட்டால் அண்டை வீட்டார்க்கும் ஓரளவு அமைதி கிட்டும்.

குரலைத் தாழ்த்துமாறு லுக்மான் தம் மகனுக்கு உரைத்த அறிவுரை திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளது. தனிமனிதர்க்குரிய அவ்வொழுக்கம் நாம் எழுப்பும் கட்டடங்களுக்கும் பொருந்தும். ஒலியளவு காட்டும் கருவியொன்றுடன் நம் மாணவர் ஒரு தறிக்கூடத்திற்குச் சென்று, நார்ப்பலகை பதிக்கும் முன்னும் பின்னும் அளந்து பதிவு செய்வாராயின், அது ஏட்டுக்கல்வியை நாட்டுக்குப் பயன்படுத்தும் நற்பணியாகும். மூத்தோரும் தறி உடைமையாளரும் அதற்குக் கைகொடுப்பார்களாக!