மூணாற்று மழையும் உலக விஞ்ஞானமும்



சுற்றுச்சூழல் விஞ்ஞானம் பயின்றால் வெளிநாட்டில் வேலை கிடைக்குமா என்று நம் சங்க நண்பர்கள் பலர் என்னைக் கேட்கின்றனர். கேட்பவருள் பெரும்பாலோர் என்னைப் போலவே பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தினர். ஆகவே இக்கேள்வியை வெறும் ஆசை என்று ஒதுக்க இயலாது. எங்கள் வீடு மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். வேலை உள்ளவரைதான் அவ்வீடு எங்களுடையது. இன்னும் இரண்டு ஆண்டுகளில் அப்பா ஓய்வு பெறுவார். அன்றே வீட்டையும் விட்டாக வேண்டும். எனவே இக்கேள்விக்கு விடை காண்பது எனக்கும் கடமையாயிற்று. அறிந்த அளவில் அதனை இங்கு எழுதுகிறேன்.

மலை ஏன் சரிகிறது?

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமே மூணாறு. தேயிலை வந்த காலத்தில் நம் மக்கள் போடி வழியே மலையேறி இங்கு வந்தனர். 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவே இல்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவர்கள் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பத்தினர். அச்செய்தி வெளியே எட்டியது மறுநாட் காலையில்தான்.

அப்பொழுது எனக்கு வயது பதினெட்டு. எங்கள் தோட்டம் வேறொரு பள்ளத்தாக்கில் உள்ளது. மஸ்டர் ஆபீசின் மழைமானியைக் காலைதோறும் பார்த்து நோட்டில் எழுதுவது அப்பாவின் வேலைகளுள் ஒன்று. அந்த வாரம் அவரிடம், "இத்தனை வருஷம் எழுதினீங்களே, இதை யாராச்சும் கூட்டிப் பார்த்தாங்களாப்பா?" என்று கேட்டேன். "எழுதுறது என் வேலைடா. கூட்டிப் பார்க்கத்தான் உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்றார்.

பிறகு கற்றபோதுதான் அந்த எண்களின் பொருள் விளங்கிற்று. மண் துகள்களுக்கு இடையே நுண்ணிய வெளிகள் உண்டு. விடாது பெய்யும் மழையில் அவை நீரால் நிறைகின்றன. அந்நீரின் அழுத்தம் துகள்களை விலக்குகிறது. அவற்றைப் பிடித்து நிறுத்தும் உராய்வு குறைகிறது. மண்ணின் எடையோ கூடுகிறது. ஓர் எல்லை கடந்ததும் சரிவு நகர்கிறது. ஆகவே, இன்று பெய்த மழையை மட்டும் அறிந்தால் போதாது. முந்திய நாட்களின் மழையையும் சேர்த்துக் கணக்கிடல் வேண்டும். சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கு வெறும் பழமொழியன்று.

மூணாற்றின் அந்தோணியார் காலனியில் 2009-ஆம் ஆண்டில் அமிர்தா பல்கலைக் கழகத்தார், மண்ணுக்குள் நீரழுத்தம், ஈரம், சாய்வு, அசைவு ஆகியவற்றை அளக்கும் கருவிகளைப் புதைத்தனர். அவை கம்பியில்லா முறையில் செய்தி அனுப்புவன. அங்குப் பெற்ற அனுபவம் பின்னர் இமயமலைச் சிக்கிமுக்கும் சென்றது. நம் மலையில் கற்றது பிற மலைக்குப் பயன்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு தமிழர் சென்ற வழி

வீரபத்திரன் இராமநாதன் 1944-ல் பிறந்தவர். தமிழில் கற்று வகுப்பில் முதன்மையாய் நின்ற அவர், சிறுவயதில் பெங்களூர்ப் பள்ளிக்கு மாறி ஆங்கிலத்தில் பயில நேர்ந்தபோது கடைசி வரிசைக்குச் சென்றார். பாடம் விளங்காமையால் தாமே சிந்தித்து அறியும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றபின், செகந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது எனக் கண்டுபிடிப்பது அங்கு அவர் பணி. அவ்வேலையை அவர் விரும்பவில்லை.

பின்பு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் அமெரிக்காவிலும் பயின்றார். 1975-ல் அவர் வெளியிட்ட கட்டுரை உலகை வியக்க வைத்தது. குளோரோபுளோரோ கார்பன் என்னும் அதே குளிரூட்டும் வாயு, கரியமில வாயுவைவிட, மூலக்கூறுக்கு மூலக்கூறு, ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று அவர் காட்டினார். ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் எழுந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை அவ்வாயுவைக் கட்டுப்படுத்தியது; அதனால் பூமியின் வெப்பம் ஏறுவதும் ஓரளவு தடுக்கப்பட்டது. வேண்டா வெறுப்பாய்ச் செய்த வேலையில் அறிமுகமான வாயுவே அவரை உலக விஞ்ஞானி ஆக்கிற்று!

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஓர் இடத்தின் ஒரு பிரச்சினையை ஆழ்ந்து அறிக. வெளிநாட்டு உதவிச் சம்பளத்துக்கு நான் அனுப்பிய முதல் விண்ணப்பத்தில் உலகைக் காப்பேன் என்று எழுதினேன், லயத்தை மறைத்தேன். வெட்கமே காரணம். அது தள்ளப்பட்டது. பிறகு ஒரு விடுமுறை முழுதும் அப்பாவின் நோட்டுகளைக் கணிப்பொறியில் ஏற்றினேன். இன்று அதுவே என் ஆய்வேடு.

இரண்டாவது, அளக்கும் கலையைக் கற்றுக்கொள்க. புள்ளியியல், செயற்கைக்கோள் படங்களைப் படித்தல், கணிப்பொறி நிரல் எழுதுதல் ஆகிய மூன்றும் எந்த நாட்டிலும் செல்லும் நாணயங்கள்.

மூன்றாவது, படிப்படியாகச் செல்க. நைரோபியிலுள்ள ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் போன்ற அமைப்புகள் பெரும்பாலும் முதுகலைப் பட்டத்துடன் சில ஆண்டு அனுபவமும் கேட்கும். அவ்வனுபவத்தை நம் நாட்டிலேயே பெறலாம். திருவனந்தபுரத்தில் தேசிய புவி விஞ்ஞான ஆய்வு மையம் உள்ளது, சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. மலைநாடுகளைப் பற்றி ஆராய நேபாளத்துக் காத்மாண்டில் 1983 முதல் ஒரு பன்னாட்டு நிலையம் இயங்குகிறது. மேற்படிப்புக்கு எராஸ்மஸ் முண்டஸ், காமன்வெல்த் உதவிச் சம்பளங்கள் உள்ளன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. எனினும் அங்கு உண்டு உறங்கும் செலவைக் கணக்கிடாமல் கடன் வாங்காதீர்.

என் இரண்டாம் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தால் செல்வேன்; வராவிடின் இங்கேயே வேலை தேடி அடுத்த ஆண்டும் அனுப்புவேன். அப்பாவோ இன்றும் காலையில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

நண்பர்களே! வரும் விடுமுறையில் உங்கள் ஊரின் ஏதேனும் ஒன்றை அளந்து நாள்தோறும் எழுதுங்கள். கிணற்று நீர்மட்டமாயினும் சரி, அடுப்புக்கு எரியும் விறகாயினும் சரி. அந்நோட்டைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கூட்டிப் பார்க்கும் வழியை நான் அறிந்தவரை சொல்லித் தருகிறேன்.