தை மாதச் சாலை: எதிரே வருபவருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்

பொங்கலில் தொடங்கி மாசி வரைக்கும் மதுரையைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் பைக் ஓட்டுபவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல்லறுப்பு. பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மக்காச்சோளமும் குதிரைவாலியும் காய்கின்றன. களம் போதாத ஊரில் தார்ச்சாலைதான் களம். பகலில் பாதிச் சாலையை அடைத்துக் காயும் தானியம் தூரத்திலேயே தெரிந்துவிடும். பொழுது சாய்ந்தால் அதைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, காற்றுக்குப் பறக்காமல் சுற்றிலும் கல் வைத்துவிடுவார்கள். சாலையும் கறுப்பு, தார்ப்பாயும் கறுப்பு. கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும். அதைவிட மோசம், தானியத்தை அள்ளிப்போன பிறகும் அங்கேயே கிடக்கும் கற்கள். விவசாயியைத் திட்டிப் பயனில்லை, உலர்களம் இல்லாவிட்டால் அவர் எங்கே போவார்? பக்கத்து டீக்கடையில் நிறுத்தி, "கல்ல எடுத்துப்போடச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சாலை காலியாக இருந்தால் நீங்களே இறங்கி ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

நம் ஊரில் முன்பின் தெரியாதவர்கூட "அண்ணே, ஸ்டாண்டு!" என்று கத்திவிட்டுப் போவார். மடக்காத சைடு ஸ்டாண்டு இடப்பக்க வளைவில் தரையில் இடித்தால் வண்டி தூக்கியெறிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். பின்சீட்டில் முந்தானை தொங்கினால் "யக்கா, சேலை!" இந்தப் பழக்கத்தைத்தான் இந்த மாதம் இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்கிறோம். குவியலையோ படுத்திருக்கும் மாட்டையோ தாண்டி வந்தால், எதிரே வருபவருக்கு உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக ஆட்டுங்கள். லைட்டை மட்டும் அடித்துக் காட்டினால் பாதிப்பேர் போலீஸ் செக்கிங் என்று நினைத்து, டேங்க்கின் மேல் கிடக்கும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் குவியல் அங்கேயே இருக்குமே. இருட்டில் கை தெரியாது. வேகத்தைக் குறைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். "பகல்ல லைட் எரியுது" என்று விரலை மடக்கி விரித்துக் காட்டுவதை மட்டும் விட்டுவிடலாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அது தானாகவே எரியும்.

தைப்பூசம் வரை திண்டுக்கல் சாலையிலும் நத்தம் சாலையிலும் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் விடியுமுன்பே நடப்பார்கள். பனி மூட்டத்தில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான், டிம்மில் வையுங்கள். லாரியை இடப்பக்கமாக முந்தவே வேண்டாம், நடப்பவர்கள் அந்த ஓரத்தில்தான் இருப்பார்கள்.

தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என ஜல்லிக்கட்டு நடக்கும். வாடிவாசலைத் தாண்டிய காளை பிடிபடாமல் சாலைக்கும் வந்துவிடும். ஹாரன் அடிக்காதீர்கள். ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு நில்லுங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்க்காதீர்கள். உங்கள் வண்டியைச் சற்றுத் தள்ளிப் பின்னால் நிறுத்தி இண்டிகேட்டரைப் போடுங்கள். பின்னால் வரும் வண்டி அவர்மேல் ஏறாமல் இருக்க அதுதான் முதல் வேலை. ஒருவர் 108-ஐக் கூப்பிட்டு ஊர்ப்பெயரோடு கிலோமீட்டர் கல்லில் இருப்பதையும் படித்துச் சொல்லட்டும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தெலும்பில் அடிபட்டிருக்கலாம். தண்ணீரும் கொடுக்க வேண்டாம். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

"போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே" என்ற பயம் இன்னும் போகவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவரைக் காக்கிறது. பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இது உண்டு.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு, அவருடைய வண்டியைச் சாலையிலிருந்து நகர்த்துமுன் கிடந்த இடத்தை போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். சாவியையும் செல்போனையும் போலீசிடமோ வீட்டாரிடமோ சேர்த்துவிடுங்கள்.