அணுக்கியார் பரவை நங்கையார்

சுந்தரமூர்த்தி நாயனார் சரிதத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள், திருவாரூரிலே பரவையார் இருவர் விளங்கினர் என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். ஒருவர் நாயனாரை மணந்தவர். மற்றவர் பல தலைமுறை பிற்பட்டு, முதலாம் இராசேந்திர சோழரின் அரண்மனையில் அணுக்கியாராய் விளங்கிய பரவை நங்கையார். மாணாக்கர் இவ்விருவரையும் ஒருவராக்கிக் குண்டையூர் நெல்மலையைச் சோழ அரண்மனை வாயிலிற் கொண்டுபோய்க் குவித்துவிடுகின்றனர்.

அணுக்கி என்னும் சொல்லை விளக்காது கடந்துபோகும் ஆசிரியரும் உளர். கூசுதற்கு அதில் ஒன்றுமில்லை. அணுக்கமாவது நெருக்கம். தில்லையிலே சந்நிதிக்கு அணித்தான வாயில் அணுக்கன் திருவாயில் எனப்படுதல் யாவரும் அறிந்ததே. அரசர் அருகிருக்கும் உரிமை பெற்றவர் அணுக்கர், பெண்பால் அணுக்கி. நங்கையார் பட்டத்தரசியல்லர். நக்கன் பரவை என அவர் பெயர் வருதலை நோக்கின், தளிச்சேரிப் பெண்டிர் குலத்தினர் போலும். தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கும் நக்கன் என்பதே முன்பெயராக வந்துள்ளது.

அவர் செய்தது யாது? ஆரூரில் வீதிவிடங்கப் பெருமான் திருக்கோயில் கற்றளியாயிற்று. இராசேந்திரரின் 16ஆம் ஆட்சியாண்டு முதல் 18ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய 1028 முதல் 1030 வரை, அத்திருப்பணி நிகழ்ந்தது. பொன் வேய்தற்கு நங்கையார் அளித்தது 20,643 கழஞ்சு. கழஞ்சொன்று ஐந்து கிராமுக்குச் சற்று மேலெனக் கொள்ளின், நூறு கிலோவுக்கு மிகும். செம்பு 42,000 பலம். அரசரும் நங்கையாரும் நின்று வணங்கிய இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. கல்வெட்டு இருவர் பெயரையும் சேர்த்தே கூறுகின்றது. இராசேந்திரரின் மைந்தர் இராசாதிராசர் காலத்தில் அவ்விருவர் திருவுருவங்கட்கும் வழிபாடு நடத்த நிவந்தம் விடப்பட்டது. தந்தையின் அணுக்கியாரை மைந்தர் மறைக்கவில்லை; நாம் ஏன் மறைத்தல் வேண்டும்? யான் பாதிரிமார் பாடசாலையிற் பயின்றபோது ஆங்கில அரசியரின் தோழியர் பெயர்களை மனனஞ் செய்து ஒப்பித்தேன். ஆரூர் நங்கையார் பெயரை அங்கே ஒருவரும் உரைத்திலர்.

நிற்க. வன்னிநாட்டுச் சிறார்க்கு இதனைப் படிப்பிப்போர் மற்றொன்றையும் விடாது கூறுதல் கடன். சோழ அரண்மனைப் பணிமக்கள் வேளம் என்னும் பகுதிகளாக வகுக்கப்பட்டு, அரசர் அரசியர் பெயர்களால் வழங்கப்பட்டனர். வேளத்துப் பெண்டாட்டிகள் தம் பொருள்கொண்டு கோயில்களுக்கு விளக்கெரித்தமை கல்வெட்டுக்களிற் காணப்படும். ஆயினும் வேளம் புகுந்தோர் எல்லாரும் விரும்பிப் புகுந்தோரல்லர். போரிற் சிறைப்பட்டு வந்தோரும் அவருள் இருந்தனர். 1017ஆம் ஆண்டளவில் இதே இராசேந்திரரின் படை ஈழத்தரசன் ஐந்தாம் மகிந்தனையும் அவன் தேவியையும் உரோகணத்திற் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுசென்றது. நமக்கு அண்மையிலுள்ள மாதோட்டத்திலோ, சோழநாட்டுத் தாழிகுமரன் கட்டிய இராசராச ஈச்சரத்தில் அந்நாளிற் பூசை நடந்தது. மகிந்தன் பன்னீராண்டு சிறையிருந்து 1029இல் அங்கேயே இறந்தான். ஆரூர்க் கற்றளி எழுந்த ஆண்டுகளும் அவையே.

சைவ அரசர் செயலாதலின் இதனைச் சொல்லாது விடலாமென்பார் உளர். அது ஆசிரியத் தொழிலுக்கு ஒவ்வாது. தேசப்படத்தில் உரோகணத்தையும் ஆரூரையும் ஒரே பாடத்திற் குறிப்பித்து, 1017, 1029 என்னும் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிய பின்னர், நங்கையார் பொன் வேய்ந்த செய்தியைத் தொடங்குக.