வடசென்னையைக் கேட்க எந்த ஆல்பம்?

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை போகும் கடலோரத்தைப் பாட்டில் கேட்க நினைப்பவருக்கு இன்று பாட்டுக்குப் பஞ்சமில்லை. சினிமா ஆல்பம், கானா பேண்ட், ராப், கர்நாடக சங்கீதம் என்று செல்போனிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் செயலிகள் பாட்டை வகைப்படி பிரித்து வைத்திருக்கின்றன. நாமும் நமக்குப் பழகிய வகைக்குள்ளேயே தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இந்தப் பகுதியைப் பொறுத்தவரை வகை நல்ல அளவுகோல் இல்லை. ஒரு பாட்டு முதலில் யார் காதில் தேற வேண்டியிருந்தது என்பதைக் கேட்டுக்கொண்டால், எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்கலாம் என்பது தானாகத் தெளியும்.

மரண கானாவை எடுத்துக்கொள்வோம். சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவது அது. செத்தவரின் பேர், தொழில், குணம், அவர் விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குள் வர வேண்டும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவரோடு புழங்கியவர்கள் என்பதால் பொய்யான புகழ்ச்சி அங்கே எடுபடாது. 2014-இல் வந்த ‘மெட்ராஸ்’ படத்துக்காக கானா பாலாவைப் பாட வைத்து சந்தோஷ் நாராயணன் இந்த மரபை ஆல்பத்துக்குள் கொண்டுவந்தார். 2018-இன் ‘வட சென்னை’ இன்னும் பெரிய முயற்சி; ஒலிப்பதிவின் தரத்தில் இந்தப் பட்டியலில் அதற்கே முதலிடம். கானா பாடகர்களின் குரலும் சித் ஸ்ரீராமின் ‘என்னடி மாயாவி நீ’யும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. சிக்கலும் அங்கேதான். காதல் பாட்டு படத்தைவிட்டுக் கழன்று தனியாக ஊர் சுற்றப் போய்விட்டது. கானாக்களோ காட்சியோடு கட்டுண்டு, கதை நடக்கும் இடத்தைச் சுட்டும் அடையாளங்களாகச் சுருங்கிவிட்டன. சினிமா இல்லையென்றால் கானா சந்துகளைவிட்டு வெளியே வந்திருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தொண்ணூறுகளில் தேவாவும், 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’யில் பாடிய கானா உலகநாதனும் திறந்த கதவு அது. கதவைத் திறந்தவர்களுக்கு நன்றி சொல்லலாம். அதற்காக வாசலிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

உள்ளே போக ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் ‘மகிழ்ச்சி’ ஆல்பம் உதவும். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேரோடு முதல் மேடை ஏறியது. பெயருக்கான வேர், சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாச பண்டிதரின் சிந்தனையில் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒலியின் அடுக்கு. கிதாரும் டிரம்ஸும் இருந்தாலும் சட்டியும் பறையும் பின்னால் தள்ளப்படவில்லை. தாளத்தின் பிடி அவற்றிடமே இருக்கிறது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில், பெண்களைக் கேலி செய்தே பிழைத்த பாட்டுகளும் ஏராளமாக இருந்த கானாவில், இசைவாணியின் குரல் நடுவில் வந்து நிற்கிறது. வடசென்னையில் வளர்ந்த அவரை பிபிசி 2020-இல் உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பாட்டைவிட முழக்கம் அதிகம் என்பது இந்த ஆல்பத்தின் மேல் வைக்கப்படும் புகார். சில இடங்களில் உண்மைதான். சொல்ல வந்தது முடிந்த பிறகும் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் இது மேடைக்கு எதிரே நிற்கும் கூட்டம் சேர்ந்து பாட எழுதிய இசை. ஹெட்போனில் அலுக்கும் அதே பல்லவி, நாலு பேர் கூடியிருக்கும் அறையில் ஸ்பீக்கரில் போட்டால் வேலை செய்கிறது.

ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019-இல் வெளியிட்ட ‘தெருக்குறள்’ ஆல்பம் நேர் எதிர். அதற்கு ஹெட்போன்தான் சரி. சொல் அவ்வளவு நெருக்கம். அரக்கோணத்துக்காரரான அறிவின் ராப்பில் வடசென்னை நேராக வராது என்பதால், இந்தத் தேடலில் அதை இரண்டாம் வரிசையில் வைப்பேன்.

எண்ணூரை நேராகப் பாடியது, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ ஆல்பம் இல்லை, ஒற்றைப் பாட்டு. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்தார். காணொளியில் அனல்மின் நிலையங்களும் சாம்பல் படிந்த கழிமுகமும் பின்னணி. அந்த மாதக் கடைசியிலேயே காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வெளியே இருந்து வந்த ஒருவர், மீனவரின் துயரத்தைச் சபாவுக்கு எடுத்துப் போகிறார் என்ற விமர்சனம் உண்டு. என் அளவுகோலின்படி அதையே இதன் பலமாகச் சொல்வேன். கழிமுகத்தில் என்ன நடக்கிறது என்று மீனவருக்குப் பாட்டுப் பாடிச் சொல்ல வேண்டாம். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, அந்த ராகமாலிகையில் வரும் பேகடாவுக்குத் தலையாட்டுகிறவருக்குத்தான் சொல்ல வேண்டும். அவர் காதுக்கு அவர் பாஷையிலேயே அது போகிறது.

அதே பேகடா திருவொற்றியூரில் ஏற்கெனவே ஒலித்த ராகம். வீணை குப்பையர் வாழ்ந்த ஊர் அது. அவருடைய குருநாதர் தியாகராஜர் அங்கே வந்து திரிபுரசுந்தரி மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளே திருவொற்றியூர் பஞ்சரத்தினம்: சுத்தசாவேரி, பேகடா, கல்யாணி, ஆரபி, சாவேரி. தெலுங்குக் கோயில் பாட்டை கானாவோடு ஒரே அலமாரியில் வைப்பதா என்று இரண்டு பக்கமும் முகம் சுளிப்பார்கள். மீன்பிடித் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் மட்டும் வடசென்னையாகக் காட்டும் படங்களுக்கு இந்த ஐந்து பாட்டும் ஒரு மறுப்பு. சங்கீதம் மயிலாப்பூரின் சொத்து என்ற எண்ணத்துக்கும்தான்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ‘மகிழ்ச்சி’. இரண்டாவதாக பஞ்சரத்தினம், ஐந்தையும் ஒரே பாடகர் தொடர்ந்து பாடிய பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள், வெவ்வேறு கச்சேரிகளிலிருந்து பொறுக்கிய தொகுப்பில் சுருதி மாறிக்கொண்டே இருக்கும். புறம்போக்கு பாடல் யூடியூபில் இலவசம், அதைக் காட்சியோடு பார்ப்பதே நல்லது. ‘வட சென்னை’யைக் கடைசியில் வாங்கலாம், அப்போது கானாக்களை முதலில் போட்டுக் கேட்டுவிட்டு ‘மாயாவி’க்கு வாருங்கள்.